தெருமுனை ஒன்றைக் கையில் எடுங்கள்: சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், சங்கம் கூப்பிட்டதும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து நிற்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

நான் மடிப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட புறநகர்ப் பகுதிகளில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் தெருவில் சில வீட்டார் சேர்ந்து, குப்பைமேடாகக் கிடந்த ஒரு முனையைச் சுத்தம் செய்து, இன்றுவரை பார்த்துக்கொண்டு வருகிறோம். சங்கம் என்று பதிவுகூடச் செய்ததில்லை. 'நாங்களும் எங்க ஏரியாவுக்கு ஏதாவது செய்யணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?' என்று வேறு பகுதிகளில் இருந்து கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். அக்டோபர் 2 வருகிறது என்று பகுதி முழுவதையும் ஒரே நாளில் சுத்தம் செய்யத் திட்டம் போடாதீர்கள். உங்கள் எல்லைக்குள் இருப்பதிலேயே மோசமான ஒரு தெருமுனையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே யாரும் குப்பை கொட்டாத நிலை வரும்வரை அதை விடாதீர்கள். அடுத்த முனையைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

ஒரு நாள் கூடி வேலை செய்கிறவர்களின் மனசை நான் குறைத்துப் பேசவில்லை. முதல் தடவை கையுறை மாட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் குப்பையைத் தொடுவது சாதாரண விஷயம் இல்லை. அதைச் செய்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு நாளில் நடப்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். காலி மனை, கால்வாய் ஓரம், பூங்கா வாசல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி மூட்டை கட்டுகிறோம். தேங்காய் மட்டை, டயாப்பர், பீங்கான் துண்டு, பால் கவர், மண் எல்லாம் ஒரே மூட்டையில் போகின்றன. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் யாருக்கும் பிரிக்கத் தோன்றாது. அப்படிக் கலந்த குப்பையைப் பிறகு யாராலும் சரியாகப் பிரிக்க முடியாது. அது நேரே குப்பைக் கிடங்குக்குத்தான் போகும்.

சென்னையில் கிடங்கு என்றால் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே உருவானது. அதே சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து, நாள்கணக்கில் எரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். என் தெருவில் இருந்து நான் அள்ளிக் கொடுத்த கலவைக் குப்பையும் அந்த மேட்டில்தான் சேர்ந்திருக்கும். இரண்டு இடங்களிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் வேலையை மாநகராட்சி எடுத்திருக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் ஒரு பக்கம் தோண்டி எடுக்க எடுக்க, மறுபக்கம் நாம் புதிதாகக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தால் அது எப்போது முடியும்?

சரி, தெருமுனைக்கு வருகிறேன்.

ஒரு முனை குப்பைமேடாவதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரியாமல் கையில் துடைப்பம் எடுத்தால் வேலை வீண். எங்கள் முனையில் மின்பெட்டி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் சுற்றுச்சுவர் இல்லாத காலி மனை. எதிரே தெருவிளக்கு இல்லை. சென்னையில் குப்பை சேரும் இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எந்த வீட்டு வாசலும் நேராக அதைப் பார்க்காது. 'இது யாருடைய இடமும் இல்லை' என்று அந்த இடமே சொல்வது மாதிரி இருக்கும். முன்பு அங்கே குப்பைத்தொட்டி இருந்திருந்தால் இன்னும் மோசம். தொட்டியை எடுத்து வருடங்கள் ஆன பிறகும் பழக்கம் போகாமல் அதே இடத்தில் கொண்டுவந்து வைப்பார்கள்.

அங்கே கொட்டுவது யார்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் தன்னார்வலர்கள் முதலில் நேரம் ஒதுக்க வேண்டும். காலையிலும் ராத்திரியிலும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் நின்று பாருங்கள். யாரையும் பிடிக்கவோ, செல்போனில் படம் எடுக்கவோ வேண்டாம். பார்த்தால் போதும். நாம் நினைத்தது ஒன்றாகவும், நடப்பது வேறாகவும் இருக்கும். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஏழு மணிக்கே கதவைப் பூட்டிவிடுகிறார்கள். குப்பை வாங்கும் மாநகராட்சிப் பேட்டரி வண்டி வருவது அதற்குப் பிறகு. பையை வீட்டுக்குள் வைத்தால் சாயந்திரம் நாறும் என்று போகிற வழியில் முனையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்கள். தள்ளுவண்டி டிபன் கடைக்காரர் கடையை மூடுவதே ராத்திரி பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் அவரிடம் குப்பை வாங்க யாரும் வருவதில்லை. மாடியில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு எந்தக் கிழமை எதை எடுக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னதே கிடையாது. இன்னொரு வகை, கட்டட ரப்பீஸ். யாரோ வீட்டில் குளியலறையை இடித்துக் கட்டுவார்கள். உடைத்த டைல்ஸை அப்புறப்படுத்த ஒரு சிறிய லாரிக்குப் பணம் கொடுத்திருப்பார்கள். அந்த லாரி இருட்டில் வந்து முனையில் கவிழ்த்துவிட்டுப் போய்விடும். ரப்பீஸ் விழுந்த இடத்தில் மறுநாளே மற்ற குப்பையும் விழத் தொடங்கும். கிழிந்த மெத்தை, உடைந்த சாமி படம், ஆயுத பூஜைக்கு மறுநாள் வாடிய வாழைக்கன்றும் திருஷ்டிப் பூசணிக்காயும் எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. வேலைக்குப் போகிறவர்களின் குப்பையை எதிர்வீட்டு அம்மா தன் வாசலில் வைத்து வண்டியில் சேர்த்துவிடலாம். எங்கள் தெருவில் அப்படித்தான் தீர்ந்தது. அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு நாள் பேச்சுதான். டிபன் கடைக்காரருக்கு மூடி போட்ட பெரிய டிரம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, காலை வண்டியில் யார் ஏற்றுவது என்று பேசி முடிக்க வேண்டும். மாடியில் இருப்பவர்களிடம் வீட்டுக்காரரை விட்டே பேசச் சொல்ல வேண்டும். ரப்பீஸுக்கு மட்டும் மாநகராட்சி வேண்டும். அது மறுபடி விழுந்த அன்றே மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குக் கூப்பிட்டு எடுக்க வைக்க வேண்டும். ஒரு நாள் தள்ளினால்கூட அந்த மேடு வளர்ந்துவிடும். தெருவில் எங்கே இடித்துக் கட்டும் வேலை ஆரம்பித்தாலும், முதல் வாரமே அந்த வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்து, ரப்பீஸ் எங்கே போகிறது என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது. கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே பாதி கவனம் வந்துவிடும்.

காரணங்களை எல்லாம் இப்படி ஒவ்வொன்றாக அடைத்த பிறகுதான் சுத்தம் செய்யும் நாளை வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அள்ளுவதைப் பிரித்தே அள்ளுங்கள். காயலான் கடைக்குப் போவது தனி, மக்குவது தனி, உடைந்த கண்ணாடியும் டயாப்பரும் தனி. மாநகராட்சி வண்டி எப்போது வரும் என்று முன்பே பேசி, அது வந்து எடுத்துப் போகும்வரை குழுவில் யாராவது அங்கேயே இருங்கள். மூட்டைகளைச் சாலையோரம் அடுக்கிவிட்டு எல்லோரும் கலைந்துவிட்டால், நாய்கள் கிழித்து, மதியத்துக்குள் முனை பழையபடி ஆகிவிடும். அதைப் பார்க்கும் தெருக்காரர்கள் 'இவங்க வந்ததே வேஸ்ட்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த தடவை ஒருவரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

சுத்தம் செய்த அன்றே அந்த இடத்துக்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டது தெரிய வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். தரையைச் சமப்படுத்துங்கள். தெருவிளக்குக்கு மனு கொடுங்கள். அப்புறம், எங்கள் பகுதிப் பெண்களுக்குத் தெரிந்த ஒன்று உண்டு. காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட இடத்தில் பையைத் தூக்கிப் போட யாருக்கும் கை வராது. மின்பெட்டிக்குப் பக்கத்தில் கோலமா என்று முதலில் தயங்கினார்கள். இப்போது மார்கழியில் அந்த முனைக்கு முறை வைத்துப் போடுகிறார்கள். பெங்களூரில் 2010-லிருந்து 'தி அக்லி இந்தியன்' என்ற குழு பெயர் சொல்லாமல் இதே மாதிரி வேலையைச் செய்துவருகிறது. குப்பை கொட்டும், எச்சில் துப்பும் இடங்களைச் சுத்தம் செய்து, சுவருக்கு வண்ணம் அடித்து, தொட்டிச் செடி வைத்து, அது நிலைக்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பது அவர்கள் வழி. பேச்சைக் குறைத்து வேலையைப் பார் என்பது அவர்கள் கொள்கை. ஒவ்வொரு சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவும் எடுத்துக்கொள்ள வேண்டிய கொள்கை என்று நினைக்கிறேன்.

சென்னைக்கு இதெல்லாம் புதிது இல்லை. உங்களில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பு நினைவிருக்கும். 1989-ல் எம்.பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி தொடங்கியது. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு அமைப்பார்கள். வீட்டுக்கு மாதம் சிறு தொகை போட்டு, ஒருவரை வேலைக்கு வைப்பார்கள். அவருக்கு ஒரு மூன்று சக்கர மிதிவண்டி. 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்' என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வீடு வீடாகப் போய்க் குப்பையை வாங்கி, மாநகராட்சி எடுக்கும் இடத்தில் கொண்டு சேர்ப்பார். விற்கக்கூடியதைப் பிரித்து விற்றுக்கொள்வார், அந்தப் பணம் அவருக்கு. வீடு வீடாக வந்து குப்பை வாங்கும் முறையைப் பல தெருக்கள் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். மாநகராட்சி அதைச் செய்யத் தொடங்கியதெல்லாம் பின்னால்.

அது ஏன் தேய்ந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 2000-ல் அப்போதிருந்த 10 மண்டலங்களில் 3 மண்டலங்களின் குப்பை வேலை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. தெருவில் பெரிய தொட்டிகள் வந்தன. எடுத்துப்போகும் குப்பைக்கு டன் கணக்கில் பணம் என்பது ஒப்பந்தம். எடைக்குக் காசு என்றால், வீட்டிலேயே பிரித்துக் குறைப்பதற்கு யாருக்கு அக்கறை இருக்கும்? தெருக்காரர்களும் 'அதுக்குத்தான் கம்பெனி வந்துருச்சே' என்று மாதச் சந்தாவை நிறுத்தினார்கள். குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கண்முன்னே ஒரு பழக்கம் உருவாகி, கண்முன்னே கரைந்துபோனது. நான் அந்தக் காலத்து ஆட்களிடம் பேசும்போதெல்லாம், வேலை நின்றதைவிட, தெருவில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது நின்றதைத்தான் அவர்கள் வருத்தத்தோடு சொல்கிறார்கள். பின்னால் ஒப்பந்தமுறை மாறி, 2020-ல் சில மண்டலங்களில் வேலைத்தரத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. ஆனால் வீட்டுக்குள் பிரிப்பதை எந்த ஒப்பந்தமும் கொண்டுவர முடியாது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் அது வீட்டுக்காரரின் கடமை என்று தெளிவாகவே சொன்னன. பேட்டரி வண்டியில் தனித்தனிப் பெட்டி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் ஒரே பையில் கட்டிக் கொடுக்கிறோம், வண்டிக்கார அம்மா தெருவில் உட்கார்ந்து கையால் பிரிக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், தன்னார்வலர்களின் நேரம் போக வேண்டிய இடம் வீட்டு வாசல்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உங்கள் பகுதிக்கு வந்தால் அவர்களைப் பதாகை பிடித்து ஊர்வலம் போக வைக்காதீர்கள். வருடத்துக்கு 120 மணி நேரம் அவர்கள் சேவை செய்தாக வேண்டும். அந்த மணி நேரம் பெரிய சொத்து. ஆளுக்குப் பத்து வீடு என்று பிரித்துக் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பாட்டியிடம், வேலைக்கார அக்காவிடம் உட்கார்ந்து எது மக்கும், எது மக்காது என்று காட்டட்டும். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் காயலான் கடையில் எடுப்பார்கள், சிப்ஸ் கவரை எடுக்க மாட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நாப்கினையும் டயாப்பரையும் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதைப் பெண் பிள்ளைகள் சொன்னால் வீட்டுப் பெண்கள் தயங்காமல் கேட்பார்கள். அடுத்த வாரம் அதே மாணவர் அதே வீடுகளுக்குத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவது தடவை போவதுதான் ஆளை மாற்றும்.

இப்போது தூய்மைப் பணியாளர்களைப் பற்றி. இதை நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிரச்சினையில் உங்கள் நிலைப்பாடு எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை நம்பி ஒரு குடும்பம் இருக்கும்போது, அதே வேலையை நாம் இலவசமாகச் செய்து காட்டுவது உதவி ஆகாது. தெரு பெருக்குவது மாநகராட்சி ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஆள் போதவில்லை என்றால் ஆள் போடச் சொல்லிக் கேட்க வேண்டியது சங்கத்தின் கடமை. அந்த இடத்தை நாம் நிரப்பக் கூடாது. நாம் செய்ய வேண்டியது வேறு. நம் வீடுகள், நம் கடைகள், நம் அண்டை அயலார் சம்பந்தப்பட்டதை எல்லாம் சரிசெய்து, அவர்கள் வேலையைப் பாதியாக்க வேண்டும்.

ஆகவே முனையைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் உங்கள் தெருவுக்கு வரும் பணியாளரிடம் கேளுங்கள். எந்த முனை அவரைப் படுத்துகிறது, எந்த வீட்டுப் பையில் கண்ணாடி குத்தியது, வண்டியை எந்த நேரத்துக்கு மாற்றினால் நல்லது என்று அவருக்குத்தான் தெரியும். எங்கள் குழுவில் அவர் பேச்சுக்குத்தான் முதல் இடம். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பெரிய வித்தியாசம் தரும். காலை ஆறு மணிக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு மதியம்வரை கழிப்பறை கிடைப்பதில்லை. உங்கள் அடுக்குமாடியில் காவலாளிக்கென்று ஒரு கழிப்பறை இருக்கும், சங்கக் கட்டடத்தில் ஒன்று இருக்கும். அதை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். கூடவே குடிக்கத் தண்ணீர், பத்து நிமிடம் உட்கார நிழலில் ஒரு பெஞ்ச். வருடத்துக்கு ஒரு தடவை சால்வை போர்த்திப் படம் எடுப்பதைவிட இது அவர்களுக்குப் பயன்படும்.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் எந்தத் தன்னார்வலரும் பாதாளச் சாக்கடை மூடியைத் திறக்கக் கூடாது, கழிவுநீர்க் கால்வாய்க்குள் இறங்கக் கூடாது, வேறு யாரையும் காசு கொடுத்து இறக்கவும் கூடாது. மனிதக் கழிவை மனிதரே அள்ளும் முறையை ஒழிக்க வந்த 2013-ன் சட்டம், அப்படி ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. விஷவாயு ஆளைப் பார்த்துத் தாக்காது. மழைக்கு முன்னால் நாம் செய்யக்கூடியது மேலே இருக்கும் வேலை. மழைநீர் வடிகாலின் வாயில் அடைத்திருக்கும் இலை, பிளாஸ்டிக், மணல் ஆகியவற்றை நீக்கலாம். எந்த வாய் தார் போட்டு மூடப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு செப்டம்பருக்குள் புகார் கொடுக்கலாம். 2015 வெள்ளத்திலும் 2023-ல் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற எங்களைப் போன்ற தென்சென்னைக்காரர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

அழகுபடுத்துவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல சங்கங்கள் அதில்தான் ஆரம்பிக்கின்றன. சுவரில் ஓவியம் தீட்டுவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. 2010-ல் அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க மாநகராட்சியே ஓவியங்கள் வரைய வைத்தது. நகரத்துக்கு அது ஒரு புது முகத்தைக் கொடுத்தது. 2020-ல் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. ஊரின் நீர்நிலை ஓரங்களில் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த இடம் அது. அங்கே வாழும் மனிதர்களின் முகங்களை அவ்வளவு பெரிதாகப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் வண்ணம் கடைசியில் வர வேண்டியது. கீழே குப்பை கிடக்க, மேலே மயில் வரைந்தால் யாரும் மயிலைப் பார்க்க மாட்டார்கள். வரைவதாக இருந்தால் அந்தத் தெருப் பிள்ளைகளே வரையட்டும். வெளியாள் வரைந்ததைவிடத் தான் வரைந்ததை அவர்கள் நன்றாகக் காப்பாற்றுவார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். அழகு என்ற பெயரில் இஸ்திரி வண்டிக்காரரையும், பூக்காரம்மாவையும், இளநீர்க் கடைக்காரரையும் எழுப்பிவிடச் சொல்லி மனு போடும் சங்கங்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. சட்டத்தை விடுங்கள், நாள் முழுக்க அந்த முனையில் கண் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். எங்கள் முனை இன்றுவரை சுத்தமாக இருப்பதில் இஸ்திரி போடும் அண்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. மின்பெட்டிக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நகர்த்திப் போட்டுக்கொள்ளச் சொன்னோம். அவர் அங்கே நிற்கும் நேரத்தில் ஒருவரும் பை வைப்பதில்லை. இளநீர் மட்டையால் தொந்தரவு என்றால் மட்டையை எங்கே சேர்ப்பது என்று பேசுங்கள். கடையை எடுக்கச் சொல்லாதீர்கள்.

மரம் நடுவதில் ஒரே ஒரு வார்த்தை, நாளை மாற்றுங்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் நட்டு, ஜூலை வெயிலில் காய விடுகிறோம். வட இந்தியாவுக்கு ஜூன் சரி, அவர்களுக்கு மழை அப்போது தொடங்கும். நமக்கு நல்ல மழை அக்டோபரில். செப்டம்பர் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையே மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிவிடும், கோடைக்குள் வேர் பிடித்துவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தவற்றில் குல்மோகர் போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளம். புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம், நாவல் என்று இந்த மண்ணின் மரங்களை வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே என்றால் மந்தாரை மாதிரிச் சிறிய மரம். சுற்றி மண் தெரிய இடம் விடுங்கள், நடைபாதைக் கல்லை அடிமரம்வரை கொண்டுபோய் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் மரங்களில் அடித்திருக்கும் டியூஷன், பிஜி விளம்பரப் பலகைகளின் ஆணிகளைப் பிடுங்குவது சிறுவர்களுக்கும் ஏற்ற வேலை. பெரியவர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

போகிக்கு முந்தைய வாரத்தையும் சங்கங்கள் எடுத்துக்கொள்ளலாம். பழைய டயர், பாய், துணி எரிக்கப்படாமல் இருக்க மாநகராட்சி சமீப வருடங்களில் தனியாக வாங்கிக்கொள்கிறது. எங்கே, எப்போது என்று வீடு வீடாகச் சொல்லி, வயதானவர்கள் வீட்டில் இருந்து நாமே எடுத்துக் கொடுத்தால் அந்தப் புகை கொஞ்சமாவது குறையும்.

கடைசியாக, ஏரியா சபை. நகர்ப்புறத்தில் வார்டு குழுவும் ஏரியா சபையும் அமைக்கும் விதிகள் 2022-ல் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. கிராமத்துக்குக் கிராமசபை மாதிரி நமக்கு இது. சென்னையின் 200 வார்டுகளிலும் கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கூட்டம் எப்போது நடக்கிறது என்று தெரிந்தவர்களே குறைவு. வாட்ஸ்ஆப்பில் குப்பைப் படம் போட்டுப் புலம்புகிற நாம், இந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். நடந்தால், எடுத்துக்கொண்ட முனையின் படங்களோடு போங்கள், கூடவே பணியாளரையும் கடைக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பேட்டரி வண்டி எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும், ராத்திரிக் கடைகளுக்கு இரண்டாவது சுற்று உண்டா, வார்டில் உரக்கூடம் எங்கே இருக்கிறது, நாங்கள் பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பை உண்மையிலேயே அங்கே போகிறதா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பிரித்துக் கொடுத்ததை லாரியில் திரும்பக் கலந்துவிடுகிறார்கள் என்ற சந்தேகம் ஒரு தெருவுக்குள் நுழைந்துவிட்டால், அந்தத் தெருவைத் திரும்பப் பிரிக்க வைப்பது ரொம்பக் கஷ்டம். சந்தேகம் தீர, தன்னார்வலர் இருவரை வண்டியின் பின்னாலேயே உரக்கூடம்வரை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்ததை அப்படியே தெருவில் வந்து சொல்லட்டும், நல்லதோ கெட்டதோ.

எங்கள் முனையைப் பார்க்க விரும்பும் சங்கத்தினர் எந்த நாளும் வரலாம். காலை வண்டி வரும் நேரத்துக்கு வந்தால் நல்லது. எங்கள் தெருவுக்கு வரும் பணியாளர் அம்மாவும் அப்போது இருப்பார். முதல் மாதம் என்ன செய்ய வேண்டும் என்பதை என்னைவிட அவர் தெளிவாகச் சொல்வார். வரும்போது உங்கள் தெருப் பணியாளரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
மடிப்பாக்கத்தில் இருந்து ஒரு தெருவாசி